குடும்ப டிரஸ்ட் சொத்தும் விவாகரத்தும்: பாலக்காடு – பொள்ளாச்சி எல்லைக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சித்தூர், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்குத் தோப்பு கேரளத்தில், வாடகைக் கடை பொள்ளாச்சியில், வீடு கோவையில் என்று இரு மாநிலத்திலும் சொத்து இருப்பது வழக்கம். அவை ஒரு குடும்ப டிரஸ்டில் (டிரஸ்டிகள் என்ற பொறுப்பாளர்கள், பயனாளிகள் என்ற குடும்பத்தாருக்காகச் சொத்தை நிர்வகிக்கும் ஏற்பாட்டில்) இருக்கும்போது மணமுறிவு வந்தால் எழும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. வேறு மதத்தவர் என்று குறிப்பிடாத இடங்களில் இந்துத் திருமணச் சட்டப்படி நடந்த திருமணத்தையே பேசுகிறோம்.

கணவர் வீட்டுச் சொத்தெல்லாம் டிரஸ்ட் பெயரில் இருக்கிறது. விவாகரத்தில் பாதி எனக்கு வருமா?

வராது. டிரஸ்ட் இல்லாமல் அவர் பெயரிலேயே இருந்தாலும் பாதி என்று எழுதிய சட்டம் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இல்லை. பல பெண்கள் "டிரஸ்டை உடைக்க வேண்டும்" என்று தொடங்கி, வருடங்களையும் பணத்தையும் அதிலேயே இழக்கிறார்கள். கேட்க வேண்டியது வேறு: அந்தப் பத்திரத்தின்படி கணவருக்கு என்ன உரிமை, என்ன அதிகாரம் இருக்கிறது? அதைப் பிடித்தால் மூன்று வழிகள் திறக்கும். உங்கள் நகையும் பணமும் டிரஸ்டுக்குள் போயிருந்தால் அதைத் திரும்பக் கேட்பது ஒன்று. டிரஸ்டிலிருந்து கணவருக்கு வரும் பலனைக் கணக்கில் காட்டி ஜீவனாம்சம் வாங்குவது இன்னொன்று. உங்களை ஏமாற்றவே எழுதப்பட்ட டிரஸ்ட் என்றால் அந்த எழுத்தையே எதிர்ப்பது மூன்றாவது.

பத்திரத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் எழுதியவர் யார் என்று பாருங்கள். மாமனார் தன் சுயசம்பாத்தியத்தை 20 வருடம் முன்பே எழுதிவைத்திருந்தால் நிலைமை ஒன்று. திருமணத்துக்குப் பிறகு கணவரே எழுதியிருந்தால் நிலைமை முற்றிலும் வேறு.

அடுத்து, ரத்துசெய்யும் அதிகாரம். 1882-ஆம் ஆண்டு இந்திய டிரஸ்ட் சட்டத்தின் 78-ஆம் பிரிவுப்படி, உயில் மூலம் அல்லாமல் எழுதிய டிரஸ்டைப் பொதுவாக இரண்டு வழிகளில்தான் ரத்துசெய்யலாம்: எழுதியவர் அந்த அதிகாரத்தைப் பத்திரத்திலேயே வெளிப்படையாகத் தன்னிடம் வைத்திருக்க வேண்டும், அல்லது பயனாளிகள் எல்லோரும் ஒப்பந்தம் செய்யத் தகுதியுள்ளவர்களாக இருந்து, எல்லோரும் சம்மதிக்க வேண்டும். கணவர் எழுதிய டிரஸ்டில் இந்த அதிகாரம் அவரிடமே இருந்தால் உங்கள் கை வலுக்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 60, ஒருவர் தன் நன்மைக்காகப் பயன்படுத்தக்கூடிய அதிகாரம் உள்ள சொத்தை, அது வேறொருவர் பெயரில் அவருக்காக டிரஸ்டாக இருந்தாலும் ஜப்தி செய்யலாம் என்கிறது.

பிறகு, கணவரின் பங்கு நிர்ணயமானதா, டிரஸ்டியின் விருப்பத்தைப் பொறுத்ததா என்று பாருங்கள். "வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு" என்றிருந்தால் அது அவருடைய சொத்துரிமை. டிரஸ்ட் சட்டம் பிரிவு 58-இன்படி அவர் அதை விற்கலாம், மாற்றித் தரலாம். "டிரஸ்டிகள் தகுந்தது எனக் கருதும் தொகை" என்றிருந்தால் அவர் கையில் எதிர்பார்ப்பு மட்டுமே இருக்கிறது. வெறும் சாத்தியமாக இருக்கும் உரிமையை ஜப்தி செய்ய முடியாது என்று அதே 60-ஆம் பிரிவு விலக்குகிறது. ஆனால் அந்த விருப்பத்தைச் செலுத்தும் டிரஸ்டி கணவரே என்றால், ஜீவனாம்ச விசாரணையில் அதைத் தனியாக எடுத்துக்காட்ட வேண்டும். கடைசியாக, டிரஸ்ட் எப்போது முடிகிறது, முடிந்தால் சொத்து யாருக்கு என்ற வரி. பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் இருக்கும். பலர் அதுவரை படிப்பதில்லை.

பத்திரத்தைக் காட்டவே மறுக்கிறார்கள். எங்கே எடுப்பது?

அசையாச் சொத்து டிரஸ்டில் இருந்தால், உயில் மூலம் வந்ததைத் தவிர, பத்திரம் பதிவாகியே இருக்க வேண்டும் (டிரஸ்ட் சட்டம் பிரிவு 5). அப்படிப் பதிவானது சார்பதிவாளர் அலுவலகத்தின் 1-ஆம் புத்தகத்தில் இருக்கும். வில்லங்கச் சான்றில் தெரியும். நகல் மனு போட்டால் யாருக்கும் கிடைக்கும். தமிழ்நாட்டுச் சொத்துக்கும் கேரளச் சொத்துக்கும் தனித்தனியாகத் தேடுங்கள். ஒரே பத்திரத்தில் இரு மாநிலச் சொத்தும் இருக்கும்போது ஓரிடத்தில் மட்டும் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று முடிவுகட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு. கேரளப் பக்கம் வில்லேஜ் ஆபீசில் தண்டப்பேர் (நிலவரிக் கணக்குப் பதிவு) யார் பெயரில் ஓடுகிறது, நிலவரி ரசீது யார் பெயரில் கட்டப்படுகிறது என்பதையும் பாருங்கள். பத்திரம் எழுதியும் பேர் மாற்றாமல் கிடக்கும் தோப்புகள் உண்டு.

சிக்கல் இங்கேதான்: டிரஸ்டை ஆயிரம் ரூபாய் ரொக்கத்தில் தொடங்கி, அசையாச் சொத்து எதுவும் குறிப்பிடாமல் பதிந்திருந்தால் அது 4-ஆம் புத்தகத்துக்குப் போய்விடும். அது வில்லங்கச் சான்றில் வராது. எழுதிக்கொடுத்தவருக்கும் உரிமை பெற்றவருக்கும்தான் நகல் தருவார்கள். அப்போது குடும்ப நீதிமன்றத்தில் மனுப் போட்டு, சார்பதிவாளருக்குச் சம்மன் அனுப்பிப் பதிவேட்டை வரவழைக்க வேண்டும்.

இன்னொரு நேரான வழி இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. உங்கள் குழந்தை பயனாளியாக இருந்தால், பத்திரம், தாய்ப்பத்திரங்கள், கணக்கு, வவுச்சர் எல்லாவற்றையும் பார்க்கவும் நகலெடுக்கவும் குழந்தைக்கு டிரஸ்ட் சட்டம் பிரிவு 57 உரிமை தருகிறது. குழந்தையின் சார்பில் தாய் அதை எழுத்தில் கேட்கலாம். மருமகள் என்ற முறையில் கேட்டால் மறுப்பார்கள். பயனாளியின் தாயாகக் கேட்டால் மறுப்பதற்கு டிரஸ்டிகளிடம் சட்டக் காரணம் இருக்காது.

2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின், ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் பற்றிப் பிரமாண வாக்குமூலம் தந்தாக வேண்டும். "டிரஸ்ட் என்னுடையது அல்ல" என்று கணவர் அதை விட்டுவிடுவது வழக்கம். டிரஸ்டின் வருமான வரிக் கணக்கையும் கணவரின் சொந்தக் கணக்கையும் மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கேளுங்கள். திரும்பப் பெறக்கூடிய டிரஸ்ட் என்றால் அதன் வருமானம் எழுதியவரின் கணக்கில்தான் வரிக்கு வரும். அவர் அப்படிக் காட்டியிருந்தால் அதுவே சாட்சி.

நாங்கள் பிரிந்த பிறகு கணவர் அவசரமாகத் தன் தோப்பை டிரஸ்டுக்கு எழுதிவிட்டார். என்ன செய்யலாம்?

இங்கே உங்கள் நிலை பலமானது. சொத்துரிமை மாற்றுச் சட்டம் பிரிவு 39, ஓர் அசையாச் சொத்தின் வருமானத்திலிருந்து ஜீவனாம்சம் பெறும் உரிமை ஒருவருக்கு இருக்கும்போது அந்தச் சொத்து விலை இல்லாமல் கைமாறினால், வாங்கியவர் மீதும் அந்த உரிமையைச் செலுத்தலாம் என்கிறது. டிரஸ்டுக்கு எழுதுவதில் விலை இருப்பதில்லை. எனவே பத்திரத்தை ரத்துசெய்யாமலே தோப்பின் மேல் ஜீவனாம்சப் பொறுப்பைச் சுமத்தும்படி கேட்கலாம். கடன்காரரை ஏமாற்றும் நோக்கம் என்று அதே சட்டத்தின் பிரிவு 53-இல் போகலாம். ஆனால் அதில் நோக்கத்தை நிரூபிக்கும் சுமை கூடும். பிரிவு 39-ஐ முன்னால் வைத்து, 53-ஐ மாற்றுக் கோரிக்கையாக வைப்பதே நல்லது.

தேதிகள்தான் இங்கே வழக்கு. வக்கீல் நோட்டீஸ் போன நாள், தனியாகக் குடியேறிய நாள், ஊர்ப் பெரியவர்கள் முன் பேச்சு நடந்த நாள், பத்திரம் பதிவான நாள் ஆகிய நான்கையும் ஒரே தாளில் எழுதி ஆதாரம் சேருங்கள். பத்திரத்தை ரத்துசெய்யக் கேட்டால், அது பற்றித் தெரியவந்ததிலிருந்து 3 ஆண்டுதான் கெடு. அதோடு விற்பனைத் தடை உத்தரவு அல்லது தீர்ப்புக்கு முன் ஜப்தி கேட்டு, உத்தரவு வந்த அன்றே சார்பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்துப் பதியவையுங்கள். உத்தரவு நீதிமன்றக் கட்டிலேயே தங்கிவிட்டால் வில்லங்கச் சான்றில் வராது. வாங்க வருபவர் "எனக்குத் தெரியாது" என்பார்.

மாமனார் பூர்வீகத் தோப்பை டிரஸ்டில் வைத்திருக்கிறார். அது செல்லுமா?

தோப்பு எல்லையின் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்தது. தமிழ்நாட்டில் கூட்டுக்குடும்பச் சொத்து இன்னும் உண்டு. 2005 திருத்தத்துக்குப் பின் மகளும் மகனைப் போலப் பங்காளி. மாமனார் தன் பங்கைத் தாண்டி மகன், மகள் பங்குகளை டிரஸ்டில் வைக்க முடியாது. கேரளத்தில் கூட்டுக்குடும்ப ஒழிப்புச் சட்டம் 1976 டிசம்பர் 1-இல் நடைமுறைக்கு வந்து, அன்று இருந்த உறுப்பினர்கள் பாகம் பிரிந்த கூட்டுரிமையாளர்களாகிவிட்டார்கள். அதனால் அன்று அவரவர்க்கு விழுந்த பங்கு எவ்வளவு என்பதே கேள்வி. அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் 2005 மத்தியத் திருத்தத்தோடு முரண்படுவதாகக் கேரள உயர் நீதிமன்றம் 2025-இல் தீர்ப்பளித்திருப்பதால், மகள்களின் பங்கு பற்றிய பழைய ஆலோசனைகளை அப்படியே நம்ப வேண்டாம்.

ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள்: கணவரின் பூர்வீகப் பங்கு வெளியே வந்தாலும் அது அவருக்குத்தான் வரும். உங்களுக்கு அதனால் கிடைப்பது, ஜீவனாம்சத்துக்குப் பொறுப்பாகக் கட்டக்கூடிய சொத்து ஒன்று அவர் பெயரில் இருப்பது.

என் நகையை விற்ற பணத்தில்தான் தோப்புக்குக் கிணறும் சொட்டுநீரும் போட்டார்கள். திரும்பக் கேட்கலாமா?

கட்டாயம் கேளுங்கள். சீதனம் பெண்ணின் தனிச்சொத்து. கணவரோ மாமனாரோ வைத்திருந்தால் அவளுக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருப்பவர்கள் என்று 1985-இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. திருமணத்தை ஒட்டி இருவருக்கும் பொதுவாக வந்த பொருள்களைத் திருமணச் சட்டம் பிரிவு 27-இல் அதே வழக்கில் கேட்கலாம். பணம், நகை, டிரஸ்டில் கலந்த தொகை ஆகியவற்றுக்குக் குடும்ப நீதிமன்றச் சட்டம் பிரிவு 7-இன்கீழ்த் தனி மனு. கேரளக் குடும்ப நீதிமன்றங்களில் நகை திரும்பக் கேட்கும் மனுக்கள் அன்றாடம் வருபவை. சொத்தைக் கையில் வைத்திருக்கும் மாமனார், கொழுந்தனாரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. டிரஸ்டில் பணம் கலந்திருந்தால் எல்லா டிரஸ்டிகளையும் சேர்த்தே ஆக வேண்டும். ஒருவரை விட்டுவிட்டாலும் வரும் தீர்ப்பு அவரைக் கட்டாது.

தோற்பது பெரும்பாலும் ஆதாரம் இல்லாததால். கல்யாணப் படம் நகை இருந்ததைக் காட்டும். அது தோப்புக்குள் போனதைக் காட்டாது. நகைக்கடையில் வாங்கிய பில், அடகு வைத்த ரசீது, அடகுப் பணம் ஏறிய வங்கிக் கணக்கு, அதே வாரத்தில் ஆழ்துளைக்காரருக்கோ பம்புக் கடைக்கோ போன தொகை என்று சங்கிலி அறுபடாமல் வர வேண்டும். பணம் ரொக்கமாகவே கைமாறியிருந்தால், அப்போது அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளைப் போனோடு பாதுகாத்து வையுங்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டும்.

டிரஸ்ட் வருமானத்தை வைத்து ஜீவனாம்சம் எப்படிக் கணக்கிடுவார்கள்?

ஓர் உதாரணம் போடுவோம். 12 ஏக்கர் தோப்பு; கூலி, உரம், தண்ணீர்ச் செலவு போக ஆண்டுக்கு நிகரம் 9 லட்சம்; நிர்ணயப் பங்குள்ள பயனாளிகள் மூவர். கணவர் பங்கு 3 லட்சம், மாதம் 25,000. அவருக்கு வேறு சம்பளம் 50,000 என்றால் மொத்தம் 75,000. நிகர வருமானத்தில் நாலில் ஒன்று நியாயம் என்று உச்ச நீதிமன்றம் சில வழக்குகளில் ஏற்றிருக்கிறது. அது கட்டாய விதி அல்ல. பேச்சைத் தொடங்க உதவும் அளவு. அதன்படி மாதம் 18,750. டிரஸ்டை விட்டுவிட்டால் 12,500-தான்.

பங்கு நிர்ணயமில்லாத டிரஸ்டில், கடந்த ஐந்து ஆண்டில் அவருக்கு உண்மையில் என்ன கிடைத்தது என்று பாருங்கள்: கார் தவணை, குழந்தையின் பள்ளிக் கட்டணம், வீட்டு மளிகை, மருத்துவக் காப்பீடு. டிரஸ்ட் கணக்கிலிருந்து இவை போயிருந்தால் அவையும் அவர் வருமானம் என்று வாதிடலாம். வழக்குத் தொடங்கிய மாதம் முதல் திடீரென்று அது நின்றிருந்தால் அதையும் நீதிபதியின் கவனத்துக்குக் கொண்டுவாருங்கள்.

நிரந்தர ஜீவனாம்சத்துக்கு எதிர்த்தரப்பின் அசையாச் சொத்தின் மேல் பொறுப்புக் கட்டலாம் என்று இந்துத் திருமணச் சட்டம் பிரிவு 25 சொல்கிறது. மனுவில் அதைத் தனிக் கோரிக்கையாக எழுத மறக்காதீர்கள்.

நான் குடியிருக்கும் வீடே டிரஸ்ட் பெயரில். வெளியேற்ற முடியுமா?

வீடு யார் பெயரில் என்பது மட்டும் தீர்மானிக்காது. குடும்பமாக வாழ்ந்த வீடு கணவரின் உறவினருடையதாக இருந்தாலும் 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் குடியிருப்பு உரிமை கேட்கலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இது வசிக்கும் உரிமை மட்டும். உடைமை உரிமை தராது. மாற்று வீடோ வாடகையோ தரும்படியும் உத்தரவு வரலாம்.

வழக்கை எங்கே போடுவது, பாலக்காட்டிலா கோவையிலா?

விவாகரத்தை மனைவி, தான் இப்போது வசிக்கும் ஊரிலேயே போடலாம். நிலத்தின் மேல் உரிமை கேட்கும் வழக்கு நிலம் இருக்கும் எல்லைக்குள் வர வேண்டும். இரு இடத்திலும் நிலம் இருந்தால் ஏதாவது ஓரிடத்தில் போடலாம். இரு ஊரும் ஒரு மணி நேரத் தூரம்தான் என்றாலும் உயர் நீதிமன்றங்கள் இரண்டு. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்கு வழக்கை மாற்ற உச்ச நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். கோவையில் வாங்கிய பணத் தீர்ப்பைச் சித்தூர்த் தோப்பின் மேல் நிறைவேற்ற, தீர்ப்பைப் பாலக்காட்டு நீதிமன்றத்துக்கு அனுப்பக் கேட்க வேண்டும். தன் எல்லைக்கு வெளியே உள்ள சொத்தின் மேல் கோவை நீதிமன்றம் நேராக நிறைவேற்ற முடியாது. மலையாள ஆதாரங்களுக்கு மொழிபெயர்ப்பை முதல் நாளே தயாராக வைத்திருங்கள்.

சொத்தை எப்படி மதிப்பிடுவது?

தமிழ்நாட்டு வழிகாட்டி மதிப்பும் கேரள நியாய விலையும் முத்திரைத்தாளுக்கான அளவுகள். சந்தை விலை அல்ல. இரு தரப்பும் ஒப்பும் மதிப்பீட்டாளரை வையுங்கள். கேரளப் பக்கம் பத்திரத்தில் "நிலம்" என்றிருந்தால் அது நெல்வயல்; 2008 நெல்வயல் பாதுகாப்புச் சட்டத்தின் தரவுப் பட்டியலில் இருந்தால் வீடு கட்டவோ மண் போட்டு நிரப்பவோ தடை உண்டு. தென்னை நிற்கிறதே என்று தோப்பு விலைக்குப் பங்காக எடுத்துக்கொண்டு, பிறகு விற்க முடியாமல் தவிப்பவர்கள் இருக்கிறார்கள். கிருஷி பவனில் பட்டியலைப் பார்க்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

சமரசமாக முடித்துக்கொள்கிறோம். டிரஸ்டிலிருந்து எனக்கு 2 ஏக்கர் தருவதாகச் சொல்கிறார்கள். எப்படி எழுதுவது?

கணவர் மட்டும் கையெழுத்துப் போட்டால் அது வெறும் தாள். டிரஸ்டிகள் எல்லோரும், பத்திரத்தில் அவர்களுக்கு அந்த அதிகாரம் இல்லையென்றால் வயதுவந்த பயனாளிகள் எல்லோரும் சேர வேண்டும். பயனாளிகளில் மைனர் இருந்தால் அவர் சார்பில் யார் சம்மதித்தாலும் செல்லாது. நீதிமன்ற அனுமதி வேண்டும். இந்த அனுமதி வாங்காததால் பத்து வருடம் கழித்து, வளர்ந்த பிள்ளை வந்து கேட்கும்போது பாகமே ஆட்டம் காணும்.

அடுத்த பள்ளம், பதிவு. சமரசத் தீர்ப்பில் எழுதிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். வழக்கின் பொருளாக இல்லாத அசையாச் சொத்தை அதில் சேர்த்தால், பதிவுச் சட்டம் பிரிவு 17-இன்படி அந்தத் தீர்ப்பைப் பதிய வேண்டும். விவாகரத்து மனுவில் தோப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாமல் சமரசத்தில் மட்டும் தோப்பு வந்தால் இந்தச் சிக்கல்தான். சர்வே எண், தண்டப்பேர், நாலெல்லை ஆகியவற்றை மனுவின் சொத்து விவரத்திலேயே கொண்டுவாருங்கள்.

வரிசையும் முக்கியம். கணவன் மனைவிக்குள் எழுதும் செட்டில்மென்டுக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத்தாள் சலுகை உண்டு. விவாகரத்துத் தீர்ப்பு வந்தபின் நீங்கள் மனைவி அல்ல. டிரஸ்ட் நேராக மருமகளுக்கு எழுதுவதும் அந்தச் சலுகையில் அடங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். டிரஸ்டிலிருந்து கணவருக்கு, கணவரிடமிருந்து உங்களுக்கு என இரண்டு பத்திரங்களாக, தீர்ப்புக்கு முன்பே முடிப்பதா என்று ஆவண எழுத்தரிடமும் ஆடிட்டரிடமும் கணக்குப் போட்டுப் பாருங்கள். பேர் மாற்றி, உங்கள் பெயரில் வரி ரசீது வாங்கிய பிறகே, இரு தரப்பும் சம்மதிக்கும் விவாகரத்தில் போடும் இரண்டாம் மனுவில் கையெழுத்துப் போடுங்கள். கிணறு, மின் இணைப்பு, வண்டிப் பாதை ஆகிய மூன்றையும் எழுத்தில் வாங்காமல் 2 ஏக்கர் வாங்கினால் தண்ணீருக்கு மறுபடி அவர்களிடமே நிற்க வேண்டும்.

நாங்கள் கிறிஸ்தவர்கள். வேறுபாடு உண்டா?

உண்டு, உங்களுக்குச் சாதகமாக. 1869 விவாகரத்துச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு, திருமணத்துக்கு முன்போ பின்போ தம்பதியருக்காக எழுதப்பட்ட செட்டில்மென்ட் சொத்தை நீதிமன்றம் விசாரித்துக் கணவன், மனைவி, பிள்ளைகள் நலனுக்குத் திருப்பி உத்தரவிடலாம் என்கிறது. பிள்ளைகளுக்கு நட்டம் வரும்படி பெற்றோருக்குத் தர முடியாது. இந்தப் பிரிவை மனுவில் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

ராவுத்தர் குடும்பம். வக்பு அலல் அவ்லாதில் (குடும்பத்தாருக்காகச் செய்த வக்பில்) உள்ள சொத்து?

வக்பு செய்த சொத்தை மணமுறிவில் பிரிக்க முடியாது. மஹர், திருமணத்தில் வந்த பொருள்கள், இத்தாக் காலத்துக்குள் (மணமுறிவுக்குப் பின் பெண் காத்திருக்கும் காலம்) நியாயமான ஏற்பாடு ஆகியவற்றை 1986 சட்டத்தில் கேட்கலாம். அந்த ஏற்பாடு இத்தாவுக்குப் பிந்தைய வாழ்வுக்கும் போதுமானதாக இருக்க வேண்டும் என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. கணவருக்கு வக்பிலிருந்து வரும் வருமானத்தை அதற்குக் கணக்கில் காட்டலாம்.

கோயில் கட்டளைக்காக எழுதிய டிரஸ்ட்?

பிரிக்க முடியாது. அதைக் கேட்டு மற்ற கோரிக்கைகளைப் பலவீனப்படுத்த வேண்டாம்.

என் அப்பா வீட்டு டிரஸ்டில் நான் பயனாளி. கணவர் அதில் பங்கு கேட்கிறார்.

பங்கு கிடையாது. ஆனால் அதிலிருந்து உங்களுக்கு வரும் வருமானத்தை நீங்களும் பிரமாண வாக்குமூலத்தில் காட்ட வேண்டும். மறைத்தால் உங்கள் ஜீவனாம்ச மனுவே கெடும். அந்த வருமானம் இருக்கிறது என்பதற்காகவே உங்கள் மனு தள்ளுபடியாகாது.

மகன் ஆஸ்திரேலியாவில். அங்கே விவாகரத்து நடக்கிறது. இங்குள்ள டிரஸ்டைச் சேர்ப்பார்களா?

அங்கே முறை வேறு. டிரஸ்ட் ஒருவரின் கட்டுப்பாட்டில் இருந்தால் அதன் சொத்தையே தம்பதியர் சொத்தாகக் கணக்கிட முடியும்; 2008-இல் கென்னன் எதிர் ஸ்ப்ரை வழக்கில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் அப்படித் தீர்த்தது. எனவே மகனை டிரஸ்டியாகவும், டிரஸ்டிகளை நியமிக்கும் அதிகாரம் உள்ளவராகவும் எழுதியிருந்தால் அந்தச் சொத்து அங்குள்ள கணக்கில் வரக்கூடும். அவர் பங்கிலிருந்து அதற்கு ஈடு பிடிக்கலாம். அந்தத் தீர்ப்பைக் கொண்டு கொழிஞ்சாம்பாறைத் தோப்பை நேராக எடுக்க முடியாது. இந்திய நிலத்தின் உரிமையை இந்திய நீதிமன்றம்தான் தீர்மானிக்கும். தீர்ப்புகளை நேரடியாக நிறைவேற்ற இந்தியா அறிவித்துள்ள நாடுகளில் சிங்கப்பூரும் பிரிட்டனும் உண்டு, ஆஸ்திரேலியா இல்லை. அங்குள்ள வக்கீலிடம் டிரஸ்ட் பத்திரத்தின் முழு ஆங்கில மொழிபெயர்ப்பைக் கொடுங்கள். சுருக்கத்தைக் கொடுத்தால் ரத்து அதிகாரமும் முடிவுப் பிரிவும் விட்டுப்போகும்.